1945-ல் வாருங்கள், தருகிறோம்! - அமெரிக்க போனஸ் படையின் கதை

முதல் உலகப் போர் முடிந்து கப்பலில் வந்திறங்கிய அமெரிக்கச் சிப்பாய்க்கு அரசாங்கம் கையில் கொடுத்தது 60 டாலர், ஊர் போய்ச் சேர ரயில் கட்டணம். அவ்வளவுதான். போரில் இருந்தபோது சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 30 டாலர். கடல் கடந்து பிரான்சுக்குப் போனவனுக்குக் கொஞ்சம் கூடுதல், 33 டாலர். அதிலும் குடும்பத்துக்கு அனுப்பும் பங்கு, இன்சூரன்ஸ் என்று பிடித்தம் போகக் கைக்கு வந்தது சொற்பம். அதே காலத்தில் ஊரிலேயே தங்கி, கப்பல் கட்டும் தளங்களிலும் வெடிமருந்து ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள் இதைவிடப் பல மடங்கு சம்பாதித்தார்கள். போர் முடிந்ததும் ஒப்பந்தம் ரத்தான கம்பெனிகளுக்கு நஷ்டஈடு கிடைத்தது. போருக்காக அரசு எடுத்து நடத்திய ரயில்வே கம்பெனிகளுக்கும் கிடைத்தது.

அவர்களுக்கெல்லாம் ஈடு உண்டென்றால் எங்களுக்கு ஏன் இல்லை? இதுதான் திரும்பி வந்த சிப்பாய்களின் கேள்வி. அதனால்தான் அவர்கள் கேட்ட பணத்துக்கு "சரிக்கட்டும் ஊதியம்" என்று பெயர் வைத்தார்கள். வர வேண்டிய பாக்கி, இனாம் இல்லை என்று அர்த்தம். எதிர்த்தவர்கள் அதை "போனஸ்" என்று அழைத்தார்கள். கடைசியில் எதிரிகள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. பெயர் வைப்பதிலேயே பாதி அரசியல் முடிந்துவிடுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வாஷிங்டன் யோசித்துக்கொண்டிருந்தபோது சில மாநிலச் சட்டமன்றங்கள் தங்கள் கஜானாவைத் திறந்தன. விஸ்கான்சின் மாநிலம் 1919-லேயே சேவை செய்த மாதத்துக்கு 10 டாலர் என்று கொடுத்தது. கூடவே, படிக்க விரும்பும் முன்னாள் சிப்பாய்க்கு மாதம் 30 டாலர் உதவித்தொகை என்றும் ஒரு சட்டம் போட்டது. இந்த இரண்டாவது சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 25 வருடம் கழித்து மறுபடி வரும்.

நாடு முழுவதற்குமான சட்டம் 1924-ல்தான் வந்தது. ஜனாதிபதி கூலிட்ஜ் அதில் கையெழுத்துப் போட மறுத்தார். காசு கொடுத்து வாங்கும் தேசபக்தி தேசபக்தியே அல்ல என்பது அவர் வாதம். காங்கிரஸின் இரண்டு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுடன் அவருடைய வீட்டோவைத் தாண்டிச் சட்டத்தை நிறைவேற்றின. உள்நாட்டில் சேவை செய்த ஒவ்வொரு நாளுக்கும் 1 டாலர், வெளிநாட்டில் செய்த ஒவ்வொரு நாளுக்கும் 1.25 டாலர். உச்சவரம்பு முறையே 500, 625 டாலர். முதல் 60 நாள் கணக்கில் சேராது, அதற்குத்தான் ஏற்கெனவே 60 டாலர் கொடுத்தாயிற்றே!

இதுவரை சரி. சிக்கல் அடுத்த பிரிவில் இருந்தது. கணக்குப் போட்டு 50 டாலருக்குள் வந்தவர்களுக்கு மட்டும் உடனே பணம். மற்றவர்களுக்கு ஒரு சான்றிதழ். மூலத்தொகையோடு நாலில் ஒரு பங்கைக் கூட்டி, அதற்கு 4 சதவீதக் கூட்டுவட்டி போட்டு, 1945-ல் கொடுக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. 400 டாலர் வரவேண்டிய ஆளின் சான்றிதழில் ஏறக்குறைய 1000 டாலர் என்று அச்சாகியிருக்கும். ஆனால் அது கைக்கு வர 20 வருடம் பொறுக்க வேண்டும். அதற்கு முன்னால் முழுப் பணமும் வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. சான்றிதழ்க்காரர் செத்துப்போனால் வாரிசுக்கு உடனே கிடைக்கும். ஆகவே இதற்கு "கல்லறை போனஸ்" என்று சிப்பாய்களே பெயர் வைத்தார்கள். உயிரோடு இருந்தால் வெறும் காகிதம், செத்தால் காசு.

இப்படி 36 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் நாடெங்கும் டிரங்குப் பெட்டிகளில் தூங்கின. 1920-களில் வேலை கிடைத்தது, சம்பளம் வந்தது, யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது. 1932-ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் வரிசையாக மூடின. வாடகை பாக்கி, மளிகைக்கடை பாக்கி, பெட்டியைத் திறந்தால் ஆயிரம் டாலர் காகிதம். அதில் போட்டிருக்கும் தேதியோ 1945!

இந்த இடத்தில்தான் ரைட் பேட்மன் வருகிறார். கிழக்கு டெக்ஸாஸ்காரர், 1893-ல் பிறந்தவர், முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர். 1921 முதல் 1924 வரை டெக்ஸாஸ் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அங்கே கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கும்பலை எதிர்த்துக் குரல் கொடுத்த சிலரில் ஒருவர். 1928 தேர்தலில் ஜெயித்து வாஷிங்டனுக்குப் போனார். 1929-லேயே, பங்குச் சந்தை விழுவதற்கு முன்பே, போனஸை உடனே கொடு என்று மசோதா கொண்டுவந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் விடவில்லை. அடுத்த 7 வருடம் அதையேதான் பிடித்துத் தொங்கினார்.

1931 பிப்ரவரியில் ஒரு அரைகுறை வெற்றி கிடைத்தது. சான்றிதழை அடகு வைத்து அதன் மதிப்பில் பாதி வரை கடன் வாங்கலாம் என்று காங்கிரஸ் தாராளம் காட்டியது. ஜனாதிபதி ஹூவரின் வீட்டோவையும் தாண்டியது. ஆனால் கடனுக்கு 4.5 சதவீதம் வரை வட்டி உண்டு. தன் சொந்தப் பணத்தைக் கடனாக வாங்கி அதற்குத் தானே வட்டி கட்டுவது எந்த ஊர் நியாயம் என்று சிப்பாய்கள் கேட்டார்கள். வட்டி ஏற ஏற 1945-ல் கையில் மிஞ்சப் போவதும் குறைந்துகொண்டே போகும்.

ஹூவர் தரப்பில் நியாயமே இல்லையா? இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். சான்றிதழில் இருக்கும் 1000 டாலர் என்பது 1945-ம் வருட மதிப்பு. அதை 1932-ல் முழுசாகக் கேட்பது, இன்னும் ஓடாத 13 வருடங்களுக்கும் சேர்த்து வட்டி கேட்பது போல. கணக்கு வாத்தியார் யாராக இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். மேலும் 1932 நிதியாண்டில் அரசின் பற்றாக்குறை 270 கோடி டாலர் அளவுக்குப் போயிருந்தது. அரசுச் செலவில் ஏறக்குறைய கால் பங்கு ஏற்கெனவே முன்னாள் ராணுவத்தினருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பேட்மன் கேட்ட தொகை சுமார் 240 கோடி டாலர். அது அரசாங்கத்தின் ஒரு வருட மொத்த வருமானத்தையே விட அதிகம். பட்ஜெட்டைச் சமன் செய்தால்தான் நம்பிக்கை திரும்பும், நம்பிக்கை திரும்பினால்தான் தொழில் நிமிரும் என்று ஹூவர் உண்மையிலேயே நம்பினார். 1932 ஜூன் 6-ல் வரியைக் கூட ஏற்றினார். பணக்காரர்களின் உச்சபட்ச வருமான வரி 25 சதவீதத்திலிருந்து 63 சதவீதமானது. முன்னாள் ராணுவத்தினருக்கான பல அலுவலகங்களை ஒன்றாக்கி 1930-ல் தனி நிர்வாகம் அமைத்ததும் இதே ஹூவர்தான்.

ஆனால் கஜானா காலி என்ற அந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை. அதே 1932 ஜனவரியில் வங்கிகளையும் ரயில்வே கம்பெனிகளையும் காப்பாற்ற மறுசீரமைப்பு நிதிக் கழகம் என்று ஒன்று தொடங்கினார்கள். அரசு போட்ட முதல் 50 கோடி டாலர், மேற்கொண்டு 150 கோடி கடன் வாங்கும் அதிகாரம். கூட்டினால் 200 கோடி. போனஸுக்குப் பக்கத்தில் வரும் தொகை! கழகத்தின் தலைவர் சார்லஸ் டாஸ், கூலிட்ஜ் காலத்தில் துணை ஜனாதிபதியாக இருந்தவர். 1932 ஜூன் மாதம் அந்தப் பதவியை விட்டுவிட்டு சிகாகோவில் தன் வங்கியைக் கவனிக்கப் போனார். அதே ஜூன் மாதக் கடைசியில் அந்த வங்கிக்கு இந்தக் கழகத்திடமிருந்து 9 கோடி டாலர் கடன் கிடைத்தது. வங்கி விழுந்தால் சிகாகோவே விழுந்துவிடும் என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். கடன் வேறு, கொடை வேறு என்றும் சொல்லலாம். ஆனால் பேட்மனுக்கு இதைவிட நல்ல பிரசாரம் யார் செய்து கொடுத்திருக்க முடியும்?

பேட்மன் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆளும் இல்லை. 1932 ஜனவரியில் நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெல்லன் மீதே பதவிநீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தார். மெல்லன் நாட்டின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர், மூன்று ஜனாதிபதிகளிடம் தொடர்ந்து நிதியமைச்சராக இருந்தவர், போனஸின் பரம விரோதி. விசாரணை சூடுபிடித்தபோது ஹூவர் அவரைப் பிரிட்டனுக்குத் தூதராக அனுப்பினார். விசாரணை அத்தோடு நின்றது. பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் பேட்மனின் பதில் எளிமையானது: புது நோட்டு அச்சடித்துக் கொடு. விலைவாசி சரிந்து கிடக்கிற நேரத்தில் ஊரில் பணப்புழக்கம் கூடினால் நல்லதுதானே என்றார். அந்தக் காலப் பொருளாதார நிபுணர்களில் பெரும்பாலோர் அவரைப் பைத்தியக்காரன் போலப் பார்த்தார்கள்.

1932 மே மாதம் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரிலிருந்து சுமார் 300 முன்னாள் சிப்பாய்கள் கிளம்பினார்கள். கையில் காசில்லை. சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு வாஷிங்டன் போய் நேரில் கேட்பது என்று திட்டம். தலைவர் வால்டர் வாட்டர்ஸ், முன்னாள் சார்ஜண்ட், பழம் பதப்படுத்தும் ஆலையில் வேலை போனவர். மேற்கிலிருந்து கிழக்குக்கு ஏறக்குறைய நாட்டின் முழு அகலம். செயின்ட் லூயிக்குப் பக்கத்தில் ரயில் கம்பெனி இவர்களை ஏற்ற மறுத்துத் தகராறு ஆனது. அது பத்திரிகைகளில் வந்தது. அவ்வளவுதான், நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஜூன் மாதம் தலைநகரில் மனைவி மக்களோடு சேர்த்து சுமார் 20,000 பேர். பிரான்சில் போரிட்ட அமெரிக்கப் படைக்கு என்ன பெயரோ அதைக் கொஞ்சம் மாற்றித் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். ஜனங்கள் சுருக்கமாக போனஸ் படை என்றார்கள்.

அனகோஸ்டியா ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில்தான் பெரிய முகாம். பழைய பலகை, தகரம், அட்டைப்பெட்டி, காரின் கூரை என்று குப்பைமேட்டில் கிடைத்ததை வைத்துக் குடிசை போட்டார்கள். ஆனால் தெருக்கள் நேராக இருந்தன, கழிவுக்குக் குழி வெட்டியிருந்தார்கள், குடிக்கத் தடை, காலையில் கொடியேற்றம். ராணுவப் பழக்கம் விடுமா! கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே முகாமில் கலந்து இருந்தார்கள். 1918-ல் இவர்கள் சண்டை போட்ட ராணுவத்தில்கூட அது கிடையாது. தலைநகரிலும் கிடையாது. கறுப்பின உரிமை இயக்கத்தின் ராய் வில்கின்ஸ் வந்து பார்த்துவிட்டு இதைத்தான் வியந்து எழுதினார்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாஷிங்டன் போலீஸ் தலைவர் பெல்ஹாம் கிளாஸ்ஃபோர்டு. போரில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்தவர். இவர்களை அடித்துத் துரத்துவார் என்று எதிர்பார்த்தால், மோட்டார் சைக்கிளில் முகாம் முகாமாகச் சுற்றி, சொந்தக் காசைப் போட்டுச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார். போனஸ் படைக்கே பொருளாளராகவும் ஆனார். போராட வந்தவர்களின் கணக்குப் புத்தகத்தைப் போலீஸ் கமிஷனர் வைத்திருப்பது உலக வரலாற்றில் வேறெங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஹூவர் மட்டும் இவர்களின் தலைவர்களைச் சந்திக்கவே இல்லை. முகாமுக்குக் கூடாரமும் கட்டிலும் போக அவர் சத்தமில்லாமல் அனுமதி கொடுத்திருந்தார். ஆனால் ஒரு தடவை கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவில்லை.

ஜூன் 14 அன்று பிரதிநிதிகள் சபையில் போனஸை ஆதரித்துப் பேசிக்கொண்டிருந்த டென்னஸி உறுப்பினர் எட்வர்ட் எஸ்லிக் பேச்சின் நடுவே மாரடைப்பால் சரிந்து இறந்தார். மறுநாள் அந்தச் சபையில் மசோதா நிறைவேறியது. ஜூன் 17 செனட்டின் முறை. காங்கிரஸ் கட்டடத்தின் படிகளிலும் புல்வெளியிலும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள். முடிவு வந்தது. எதிர்த்து 62, ஆதரித்து 18. தோற்றது கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் அல்ல. கலவரம் வெடிக்கும் என்று நகரமே பயந்தது. வாட்டர்ஸ் படியேறி நின்று செய்தியைச் சொன்னார். எல்லாரும் தேசபக்திப் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டு வரிசையாக முகாமுக்குத் திரும்பிப் போனார்கள்.

அத்தோடு ஊருக்குப் போயிருக்கலாம். காங்கிரஸ் ரயில் கட்டணத்துக்குப் பணம் ஒதுக்கியது. அதுவும் இனாம் இல்லை, 1945-ல் வரப்போகும் போனஸில் கழித்துக்கொள்ளப்படும்! சில ஆயிரம் பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் போகவில்லை. போவதற்கு வீடு இருந்தால்தானே. ஜூலையில் கலிபோர்னியாவிலிருந்து வந்த ராபர்ட்சன் என்பவரின் குழு காங்கிரஸ் கட்டடத்தைச் சுற்றி இரவும் பகலும் மெதுவாக நடந்துகொண்டே இருந்தது. அவருக்குக் கடற்படையில் இருந்தபோது பட்ட அடியால் கழுத்து நிற்காது, உலோகப் பட்டை போட்டுத் தாங்கியிருந்தார். ஜூலை 16 அன்று காங்கிரஸ் கூட்டத்தொடர் முடிந்து உறுப்பினர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாத கட்டடத்தின் முன்னால் கேட்க வந்தவர்கள் மட்டும் மிச்சம்.

ஜூலை 28. பென்சில்வேனியா அவென்யூவில் இடிக்கப்படவிருந்த பழைய அரசுக் கட்டடங்களில் தங்கியிருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். கல்வீச்சு, கைகலப்பு. அதில் போலீஸ்காரர் ஒருவர் சுட்டதில் வில்லியம் ஹஷ்கா, எரிக் கார்ல்சன் என்ற இரண்டு முன்னாள் சிப்பாய்கள் குண்டடி பட்டார்கள். ஹஷ்கா அங்கேயே இறந்தார், கார்ல்சன் சில நாளில். ஹூவர் ராணுவத்தைக் கூப்பிட்டார்.

வந்தது யார் என்று பார்த்தால் இரண்டாம் உலகப் போரின் பெயர்ப்பட்டியலே வருகிறது. தலைமை தாங்கியவர் ராணுவத் தலைமைத் தளபதி டக்ளஸ் மக்கார்தர். பக்கத்தில் மேஜர் ஐசனோவர், பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். தளபதி நேரில் போவது நல்லதல்ல என்று சொல்லிப் பார்த்தாராம். குதிரைப்படையில் மேஜர் பேட்டன். ஆபீஸ் விட்டு ஜனங்கள் வீடு திரும்பும் சாயங்கால நேரத்தில் உருவிய வாளோடு குதிரைகள், துப்பாக்கி முனையில் கத்தி செருகிய காலாட்படை, கண்ணீர்ப்புகை, சில டாங்கிகள். வேடிக்கை பார்க்க நின்றவர்களுக்கும் சேர்த்து அடி. ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஹூவர் சொல்லியனுப்பியும் மக்கார்தர் தாண்டினார். அன்று ராத்திரி அனகோஸ்டியா முகாம் எரிந்தது. அந்த வெளிச்சம் வெள்ளை மாளிகையிலிருந்தே தெரிந்தது.

முகாமில் ஜோ ஆஞ்சலோ என்றொருவர் இருந்தார். 1918-ல் பிரான்சில் தொடையில் குண்டு பாய்ந்து கிடந்த பேட்டனைக் குண்டு மழைக்கு நடுவே இழுத்துக் காப்பாற்றியவர், அதற்காக வீரப்பதக்கம் வாங்கியவர். வேலை இல்லாமல் நியூ ஜெர்ஸியிலிருந்து வந்திருந்தார். மறுநாள் பேட்டனைப் பார்க்கப் போனார். பேட்டன் அவரைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்.

கம்யூனிஸ்டுகளும் குற்றவாளிகளும்தான் அங்கே இருந்தார்கள் என்று அரசு சொன்னது. கொஞ்சம் கம்யூனிஸ்டுகள் இருந்தது நிஜம். அவர்களை முகாமில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்ததே வாட்டர்ஸ் ஆட்கள்தான். அரசின் முன்னாள் ராணுவத்தினர் நிர்வாகமே எடுத்த கணக்குப்படி, வந்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு ராணுவ அல்லது கடற்படைப் பதிவு இருந்தது. 67 சதவீதம் பேர் வெளிநாட்டுக்குப் போய் வந்தவர்கள். ஹஷ்காவையும் கார்ல்சனையும் ஆர்லிங்டன் தேசிய கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். குற்றவாளிகளுக்கு அங்கே இடம் கொடுப்பார்களா என்ன?

நவம்பர் தேர்தலில் 48 மாநிலங்களில் 42-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டார். இனி போனஸ் வந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம். பதவியேற்ற அதே மாதத்தில், 1933 மார்ச்சில், சிக்கனச் சட்டம் என்று ஒன்று போட்டு, முன்னாள் ராணுவத்தினருக்கான பென்ஷன்களையே கடுமையாக வெட்டினார். செலவு விஷயத்தில் ஹூவரைவிடக் கறாராக ஆரம்பித்தவர் அவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெட்டியதில் ஒரு பகுதியை 1934-ல் காங்கிரஸ் அவரது வீட்டோவைத் தாண்டித்தான் மீட்டது. வித்தியாசம் நடத்தையில்தான் இருந்தது. 1933 மே மாதம் இரண்டாவது முறை சிப்பாய்கள் வந்தபோது ராணுவத்துக்குப் பதிலாகச் சாப்பாடு, மருத்துவர், கூடாரம். மனைவி எலினோரை முகாமுக்கு அனுப்பினார். அவர் சேற்றில் நடந்து போய் அவர்களோடு உட்கார்ந்து பாடிவிட்டு வந்தார். காடு வளர்க்கும் திட்டத்தில் வயது வரம்பைத் தளர்த்தி 25,000 பேருக்கு வேலை, நாளுக்கு 1 டாலர். பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் போனஸ்? கிடையாது.

பேட்மன் விட்டாரா? 1935-ல் அவர் மசோதா இரண்டு சபையிலும் தேறியது. ரூஸ்வெல்ட் மே 22 அன்று தானே காங்கிரஸுக்கு வந்து வீட்டோ உரையைப் படித்தார். எந்த ஜனாதிபதியும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. கை கால் நன்றாக இருக்கிற ஆளுக்கு, ராணுவ உடை போட்டிருந்தான் என்பதற்காக மட்டும் தனிச் சலுகை கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். பிரதிநிதிகள் சபை 322-98 என்று அவரைத் தோற்கடித்தது. செனட்டில் 54-40. மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை.

அதே வருடம் செப்டம்பர் 2 அன்று ஃபுளோரிடாவின் தெற்கு முனைத் தீவுகளில் மிகக் கடுமையான சூறாவளி. அங்கே கடல் மேல் சாலை போடும் அரசு வேலையில் நூற்றுக்கணக்கான முன்னாள் சிப்பாய்கள், மெலிந்த தற்காலிகக் குடிசைகளில். அவர்களில் போனஸ் கேட்டு வாஷிங்டனுக்கு வந்தவர்களும் உண்டு. மீட்க வந்த ரயில் தாமதமாக வந்து, அதையும் அலை தண்டவாளத்திலிருந்து புரட்டிப்போட்டது. 250-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். பக்கத்துத் தீவில் குடியிருந்த எழுத்தாளர் ஹெமிங்வே போய்ப் பார்த்துவிட்டு, இவர்களைச் சூறாவளிப் பருவத்தில் இங்கே கொண்டுவந்து போட்டது யார் என்று கேட்டுக் கொதித்து எழுதினார். கல்லறை போனஸ் என்று கிண்டலாக வைத்த பெயர், அந்தக் குடும்பங்களுக்கு அப்படியே நடந்தது.

1936 தேர்தல் வருடம். ஜனவரியில் மசோதா மறுபடி வந்தது, ரூஸ்வெல்ட் மறுபடி வீட்டோ போட்டார், இந்தத் தடவை ஒப்புக்கு ஒரு சிறு குறிப்பு மட்டும். ஜனவரி 27 அன்று செனட் 76-19 என்று அதைத் தாண்டியது. நோட்டு அச்சடிக்கும் பேட்மனின் யோசனை மட்டும் கைவிடப்பட்டது. அதற்குப் பதில் ஆளுக்கு 50 டாலர் பத்திரங்கள். ஜூன் 15 முதல் தபால்காரர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உடனே காசாக்கலாம், வைத்திருந்தால் 3 சதவீத வட்டி. பெரும்பாலோர் வைத்திருக்கவில்லை.

கஜானா திவாலானதா? பொருளாதார ஆய்வாளர் ஜோஷுவா ஹாஸ்மன் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. 32 லட்சம் பேருக்குப் போன தொகை நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 2 சதவீதம். சராசரி சிப்பாய்க்குக் கிடைத்தது அன்றைய தலா வருமானத்துக்குச் சமம். கார், வீடு என்று வேகமாகச் செலவழித்தார்கள். 1936-ம் வருட வளர்ச்சியில் இரண்டரை முதல் மூன்று சதவீதப் புள்ளிகள் இந்த ஒரு செலவால் வந்தவை என்கிறார். அதாவது ஹூவரும் ரூஸ்வெல்ட்டும் எது வந்தால் நாடு கெடும் என்றார்களோ அது வந்தபோது நாடு கொஞ்சம் நிமிர்ந்தது. 1937-ல் அந்தச் செலவு நின்றது, புதிதாகச் சமூகப் பாதுகாப்பு வரி வந்தது, வங்கிகள் மீது கட்டுப்பாடு இறுகியது, மறுபடி ஒரு சரிவு. பைத்தியக்காரன் என்று பேட்மனைச் சொன்னவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். அதற்காக அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். ஒரு காலத்தில் கிளானை எதிர்த்த அதே பேட்மன் 1956-ல் பள்ளிகளில் கறுப்பு வெள்ளைப் பிரிவினையை ஆதரித்த தென்மாநில அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். சாகும்வரை, 1976 வரை, காங்கிரஸ் உறுப்பினராகவே இருந்தார்.

1943-ல் அடுத்த போர் நடந்துகொண்டிருக்கும்போதே எல்லாருக்கும் பயம். இந்தத் தடவை திரும்பப் போவது சுமார் 1.6 கோடிப் பேர். இன்னொரு அனகோஸ்டியாவை யாரும் விரும்பவில்லை. முன்னாள் ராணுவத்தினர் சங்கமான அமெரிக்கன் லீஜனைச் சேர்ந்த ஹாரி கால்மெரி வாஷிங்டன் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஒரு வரைவு எழுதினார். 20 வருடம் கழித்துத் தரும் காகிதம் இல்லை. வந்திறங்கியதும் படிப்புக்கு வருடம் 500 டாலர் வரை கட்டணம், தனி ஆளுக்கு மாதம் 50 டாலர், வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம், வேலை கிடைக்கும்வரை வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம். விஸ்கான்சின் 1919-ல் சிறிதாகச் செய்து பார்த்தது நாடு முழுவதற்கும் வந்தது.

வாரம் 20 டாலர் என்பதுதான் பெரிய சண்டை. மிசிசிப்பி உறுப்பினர் ஜான் ராங்கின், சம்பந்தப்பட்ட குழுவின் தலைவர், சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறிகள் ஆவார்கள் என்றார். குறிப்பாகத் தன் மாநிலக் கறுப்பர்கள் வயல் வேலைக்கு வரமாட்டார்கள் என்பது அவர் கவலை. இரு சபைகளின் கூட்டுக் குழுவில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களின் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து மசோதா சாகும் நிலைக்கு வந்தது. ஜார்ஜியா உறுப்பினர் ஜான் கிப்சன் ஊரில் இருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் ஏற்றி, விமானத்தில் கொண்டுவந்து, 1944 ஜூன் 10 காலையில் ஓட்டுப் போடவைத்தார்கள். ஜூன் 22-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார்.

1956-க்குள் 78 லட்சம் பேர் இந்தச் சட்டத்தில் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. நடைமுறை மாநிலங்கள், உள்ளூர் வங்கிகள் கையில் இருந்ததால், 1947-ல் மிசிசிப்பியில் அரசு உத்தரவாதத்தோடு கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பினச் சிப்பாய்களுக்குக் கிடைத்தவை வெறும் 2. ராங்கின் பயந்த அந்த வாரம் 20 டாலர் திட்டத்திலோ, ஒதுக்கிய பணத்தில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே செலவானது. பெரும்பாலோர் 52 வாரம் முடியும் முன்பே வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விட்டார்கள்.